செனாபாங் வாயைக் கடையக் கொடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. நிபோங் தெபால் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் செம்பனையும் ஒரு துண்டு டுரியான் தோட்டமும் இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லைக்காக அப்பா வைத்திருந்த ஒற்றைக் குழல் 12 போர் செனாபாங் பாத்தா (மடக்கித் திறக்கும் ரவைத் துப்பாக்கி) இப்போது முறைப்படி என் பெயரில், லைசென்ஸோடு இருக்கிறது. ஃபுல் சோக், அதாவது குழல் வாய் நன்றாகக் குறுகிய வகை. பன்றி வருவது இருபது, இருபத்தைந்து மீட்டருக்குள்தான், ஆனால் ரவை பரவாமல் கொத்தாகப் போவதால் பாதி நேரம் குறி தவறுகிறது. சோக்கைத் திறந்துவிடத் துப்பாக்கிக் கடையில் 600 வெள்ளி கேட்கிறார்கள், மூன்று வாரம் ஆகுமாம். கடைசல் பட்டறை வைத்திருக்கும் என் மாமா மகன் 150 வெள்ளிக்கு ஒரே சாயங்காலத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறான். குழல் வாயில் துளி இரும்பைச் சுரண்ட 600 வெள்ளியா?
– ஒரு வாசகர், நிபோங் தெபால்

பதில்: மாமா மகனிடம் கொடுக்காதீர்கள். காசுக் கணக்கை அப்புறம் பார்ப்போம். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாத ஒருவர் பட்டறையில் உங்கள் செனாபாங்கை விட்டுவிட்டு நீங்கள் வீட்டுக்கு வந்தால், அந்த ஒரு ராத்திரி அது அவர் கையில் இருக்கும் உரிமமில்லாத ஆயுதம். 1971ஆம் ஆண்டு கொண்டுவந்த கடுந்தண்டனைச் சட்டத்தில் அதற்கு 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. உங்கள் லைசென்ஸும் போகும், அத்தை வீட்டு வாசலை அப்புறம் நீங்கள் மிதிக்கவும் முடியாது.

சரி, சட்டத்தை விடுங்கள், வேலையைப் பார்ப்போம். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். ஃபுல் சோக் என்றால் வாய்ப் பக்கம் கடைசிச் சில சென்டிமீட்டரில் அது ஒரு மில்லிமீட்டர் போலக் குறுகும். அதைவிடத் திறந்த வகைகளில் மாடிஃபைட் அரை மில்லி, இம்ப்ரூவ்டு சிலிண்டர் கால் மில்லி குறுகும். ஃபுல்லை மாடிஃபைட் ஆக்க மொத்தமே அரை மில்லி, சுற்றுச் சுவரில் ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிதான் எடுக்கவேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா, ஆனால் அந்தக் கால் மில்லி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக, அதுவும் குழலின் உள்துளையை மையமாக வைத்து எடுக்கப்பட வேண்டும். பழைய குழல்களில் வெளிவட்டத்துக்கும் உள்வட்டத்துக்கும் மையம் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. கடைசல்காரர் குழலின் வெளிப்பக்கத்தைப் பிடித்துச் சுழற்றுவார், அவர் தொழிலுக்கு அது சரி. வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து கடையப்பட்டால் ரவைக் கொத்து மொத்தமும் அந்தச் சாய்வுக்கு ஏற்ப ஒதுங்கிப் போகும், நீங்கள் நேராகக் குறி வைத்தும் இடது பக்கத்து மரத்தில் துளை விழும். துப்பாக்கி வேலை தெரிந்தவரின் ரீமருக்கு (துளையை உள்ளே கடையும் கருவி) முன்னால் ஒரு வழிகாட்டித் தண்டு இருக்கும், அது உள்துளையில் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டுதான் நகரும். உள்ளே குரோம் பூச்சு இருந்தால் சாதாரண ரீமர் மழுங்கிவிடும், அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். 600 வெள்ளி இந்தக் கருவிக்கும் அளப்பதற்கும்தான், சுரண்டுவதற்கு அல்ல.

ஆனால் நீங்கள் 600 வெள்ளியையும் இப்போது கொடுக்கவேண்டாம் என்றுதான் சொல்வேன். என்ன தோட்டா போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே? பன்றி என்பதால் எஸ்ஜி என்ற பெரிய ரவைத் தோட்டா என்று வைத்துக்கொள்கிறேன். அதில் இருப்பது எட்டு ஒன்பது பெரிய ரவை, அவ்வளவுதான். புறாவுக்குச் சுடுகிறவருக்கு அகலமான வட்டம் வேண்டும், அவருடைய தோட்டாவில் நூற்றுக்கணக்கில் சின்ன ரவை இருக்கிறது. ஒன்பதை அகலமாகப் பரப்பினால் பன்றிக்கு ஒன்றோ இரண்டோ தொடையில் படும், அது காயத்தோடு புதருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் டார்ச் எடுத்துக்கொண்டு அதைத் தேடிப் போகிறவர் பாடு உங்களுக்கே தெரியும். பன்றிக்கு வேண்டியது கொத்துத்தான்.

அப்படியென்றால் ஏன் தவறுகிறது? இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பெரிய ரவைகள் ஃபுல் சோக்கின் குறுகலில் ஒன்றையொன்று நெருக்கி, நசுங்கி, தாறுமாறாகப் பறப்பது. இது எல்லாத் துப்பாக்கியிலும் நடப்பதில்லை, ஒரே துப்பாக்கியில்கூட ஒரு கம்பெனித் தோட்டாவுக்கு நடக்கும், இன்னொன்றுக்கு நடக்காது. இரண்டாவது, அப்பாவின் கை நீளத்துக்கு இருந்த கட்டை (தோளில் அணைக்கும் பின்பகுதி) உங்கள் தோளுக்குப் பொருந்தாமல் குறியே மேலே போவது. எது என்று கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: தாள். ஆளுயரத்தில் பாதிக்குக் குறையாத தாளை, பின்னால் மண் மேடு இருக்கும் இடத்தில், லைசென்ஸ் நிபந்தனை அனுமதிக்கும் இடத்தில்தான் சொல்கிறேன், உங்கள் பன்றி வரும் அதே தூரத்தில் கட்டுங்கள். நடுவில் ஒரு புள்ளி வைத்து, துப்பாக்கியைத் தாங்கலில் வைத்து நிதானமாகச் சுடுங்கள். ஒவ்வொரு சுடுதலுக்கும் புதுத் தாள், ஓரத்தில் தோட்டாவின் பெயரை எழுதிவிடுங்கள். கொத்து இறுக்கமாக இருந்து புள்ளிக்கு மேலேயோ பக்கத்திலேயோ விழுந்தால் சோக்கின் மேல் பழி இல்லை, கட்டையைப் பாருங்கள். கொத்தே சிதறி, இரண்டு மூன்று ரவை தாளைவிட்டே வெளியே போயிருந்தால் வேறு கம்பெனித் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். தோட்டாவும் லைசென்ஸில் கணக்கோடுதான் கிடைக்கிறது, தெரியும், ஆனாலும் அதில் நாலைந்தைத் தாளுக்குச் செலவழிப்பது குழலைச் செலவழிப்பதைவிட மலிவு.

எல்லாத் தோட்டாவும் சிதறுகிறது என்றால் அப்போது கடைக்குப் போங்கள், அந்தத் தாள்களையும் கையோடு எடுத்துக்கொண்டு. மாடிஃபைட் வரை மட்டும் திறக்கச் சொல்லுங்கள், அதையும் இரண்டு தவணையாக, நடுவில் ஒருமுறை சுட்டுப் பார்த்து. எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க ஆள் இல்லை. வேலைக்கு முன்னால் எத்தனை மில்லி, பின்னால் எத்தனை மில்லி என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவர் அளக்கவே போவதில்லை. சுட்டுப் பார்ப்பதும் சேர்த்துத்தான் 600 என்றால் நியாயமான விலை. வெறுமனே ரீமரை விட்டு எடுத்துத் தருவதற்கு என்றால் பேரம் பேசுங்கள்.

இன்னொன்று. ‘நுனியில் ரெண்டு அங்குலம் அறுத்துவிட்டால் சோக்கே இருக்காது, செலவும் இல்லை’ என்று ஒரு ஆள் கட்டாயம் வருவார். அவருக்குத் தேத்தாரே வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். குட்டையாக்கிய செனாபாங்கை எந்தப் போலீஸ்காரரும் தோட்டக்காரரின் கருவியாகப் பார்க்கமாட்டார்.

கேள்வி: தாத்தாவின் இரட்டைக் குழல் இத்தாலித் துப்பாக்கியில் ஒரு குழலில் ஒரு நட்சத்திரமும் இன்னொன்றில் மூன்று நட்சத்திரமும் குத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டு அங்கிள் 10 காசு நாணயம் வாயில் நுழையாவிட்டால் ஃபுல் சோக் என்றார். இரண்டிலுமே நுழையவில்லை. இரண்டும் ஃபுல்லா?
– ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: நம் 10 காசின் விட்டம் 18.8 மில்லிமீட்டர். சோக்கே இல்லாத 12 போர் குழலிலும் அது நுழையாது, குழலே 18.5தான். அங்கிள் சொன்னது அமெரிக்காவில் அவர்களுடைய 10 சென்ட் நாணயத்தை வைத்துச் சொல்லும் கதை, அது 17.9 மில்லி. இங்கே செய்து பார்த்தே ஆகவேண்டும் என்றால் புது 5 காசு கொஞ்சம் கிட்டே வரும், 17.78. ஆனால் குழலின் உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அதையும் நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

நட்சத்திரம்தான் உங்களுக்குப் பதில். ஹோட்டலுக்கு நேர்மாறாக இங்கே நட்சத்திரம் கூடக் கூட இறுக்கம் குறையும். ஒன்று என்றால் ஃபுல், மூன்று என்றால் மாடிஃபைட், நான்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர். பக்கத்துப் பக்கம் குழல் உள்ள துப்பாக்கி என்றால் வழக்கமாக வலது குழல் திறந்ததாகவும் இடது இறுக்கமாகவும் இருக்கும், முதல் சூடு கிட்டே, இரண்டாவது ஓடும் பறவைக்கு எட்டத்தில் என்ற கணக்கு. இடையில் எவராவது கடைந்திருந்தால் குத்திய நட்சத்திரம் அப்படியே இருக்கும், அளவு மாறியிருக்கும். ஆகவே கடையில் கொடுத்து உள்ளளவு கருவியால் அளக்கச் சொல்லுங்கள், அது ஐந்து நிமிட வேலை.

கேள்வி: மகன் சுபாங் சுடுதளத்தில் டிராப் (பறக்கும் தட்டைச் சுடும் போட்டி) பழக ஆரம்பித்திருக்கிறான். மலிவாக வருகிறதே என்று ஸ்கீட் என்ற இன்னொரு தட்டுப் போட்டிக்கான ஒரு பழைய துப்பாக்கியைப் பார்த்து வைத்திருக்கிறோம், சோக் கழற்ற முடியாத வகை. வாங்கிவிட்டு அப்புறம் சோக்கை இறுக்கிக்கொள்ளலாம் என்கிறார் விற்கிறவர்.
– ஒரு தந்தை, பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: விற்கிறவர் அப்படித்தான் சொல்வார். திறப்பது ஒரு நாள் வேலை, இறுக்குவது பெரிய வேலை. இரும்பைச் சேர்க்க முடியாது என்பதால் வாய்க்குச் சற்றுப் பின்னால் உள்ளே பள்ளம் தோண்டி, அதற்கு முன்னால் இருப்பதைக் குறுகலாக்கிக் காட்டும் ஒரு வித்தை இருக்கிறது. சுவர் தடிமன் இருந்தால் மறை போட்டுச் சோக் குழாய் திருகிக்கொள்ளவும் செய்யலாம். ஸ்கீட் துப்பாக்கிகளில் பலவற்றுக்கு வாய்ப் பக்கம் மெல்லிசு, மறை போட இடமிருக்காது.

ஒலிம்பிக் டிராப்பில் மகன் நிற்பது தட்டை எறியும் பள்ளத்துக்கு 15 மீட்டர் பின்னால், 11 சென்டிமீட்டர் களிமண் தட்டு அங்கிருந்து இன்னும் விலகிப் பறக்கிறது, தோட்டாவில் ரவை 24 கிராமுக்கு மேல் கூடாது. அந்தக் கொஞ்ச ரவையைத் தூரத்தில் ஒன்றாக வைத்திருக்க இறுக்கமான சோக்கே வேண்டும். ஸ்கீட்டில் தட்டு கிட்டே, குறுக்கே போகும், அதற்குத் திறந்த வாய். இரண்டு துப்பாக்கியும் வேறு வேறு பிறவி. கொஞ்ச நாள் கிளப் துப்பாக்கியில் பழகட்டும். அப்புறம் வாங்குவதாக இருந்தால் திருகும் சோக் உள்ளதை வாங்குங்கள். 1969இல் வின்செஸ்டர் கம்பெனி கொண்டுவந்ததிலிருந்து அது ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை. மகனிடம் ஒரே ஒரு கண்டிப்பு: குழாய் இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது, உள்மறை கெட்டுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் துப்பாக்கியைத் திறந்து, காலி என்று பார்த்துவிட்டு, குழாய் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் திருகிப் பார்க்கட்டும்.

கேள்வி: சோக்கைக் கண்டுபிடித்தது யார்? பந்தயம் கட்டியிருக்கிறோம்.
– நண்பர்கள் இருவர், பட்டர்வொர்த்

பதில்: பந்தயத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1866இல் இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த பேப் என்ற துப்பாக்கிக்காரர் காப்புரிமை வாங்கினார். அமெரிக்கர்கள் ஃபிரெட் கிம்பிள் என்ற வேட்டைக்காரர் பெயரைச் சொல்வார்கள். 1870களில் அதை ஊரறியச் செய்தவர் கிரீனர் என்ற இங்கிலாந்துத் துப்பாக்கிக்காரர்.

கேள்வி: ஈயத்துக்குப் பதில் ஸ்டீல் ரவை போட்ட தோட்டா ஒரு பெட்டி கிடைத்தது. பழைய ஃபுல் சோக் துப்பாக்கியில் போடலாமா?
– ஒரு வாசகர், புக்கிட் மெர்தாஜம்

பதில்: வேண்டாம். ஈயம் குறுகலில் நசுங்கிக் கொடுக்கும், ஸ்டீல் கொடுக்காது. அந்த அழுத்தம் முழுக்கக் குழல் வாய்க்குத்தான் போகும், வாய் வீங்கிப்போன துப்பாக்கிகள் இருக்கின்றன. ஸ்டீலுக்கென்று சோதித்து முத்திரை குத்திய துப்பாக்கியில், மாடிஃபைடோ அதைவிடத் திறந்ததோ இருந்தால் போடலாம், கொத்து ஈயத்தைவிட இறுக்கமாகவே வரும். உங்களுடையது பழசு என்கிறீர்கள். அந்தப் பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், வெளியில் கைமாற்றிவிடாதீர்கள், தோட்டாவுக்கும் லைசென்ஸ் கணக்கு இருக்கிறது.