விபத்துல முதல்ல வந்தவங்கள உக்கார வெச்சுட்டு பின்னால வந்தவங்கள உள்ள கூட்டிட்டு போறாங்களே, ஜிஎச்ல இது நியாயமா?

நியாயம்தானுங்க. சேலம் கோயமுத்தூர் பைபாஸை ஒட்டின ஒரு அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ நான், அதான் இந்தக் கேள்வியைப் பாத்துட்டு சும்மா போக முடியல. உங்க மாமா நெத்தியில ரத்தத்தோட ஒரு மணி நேரம் உக்காந்திருந்தார்னு எழுதியிருக்கீங்க, அப்ப அவர் நடந்துதான் வந்திருப்பாரு.

கூட்டமா அடிபட்டு வந்தா க்யூ கணக்கு செல்லாதுங்க. யாரை முதல்ல பாக்கறதுன்னு கலர் வெச்சுப் பிரிக்கறதுக்கு, 1983ல கலிபோர்னியாவுல உண்டாக்கின ஸ்டார்ட்னு ஒரு முறை இருக்கு, ஒரு ஆளைப் பாக்க ஒரு நிமிஷங்கூட ஆகாது. நடக்கறவங்க எல்லாம் பச்சை, காத்திருக்கலாம். மத்தவங்களுக்கு மூச்சு நிமிஷத்துக்கு 30ஐத் தாண்டாம ஓடுதா, நகத்தை அழுத்தி விட்டா 2 செகண்டுக்குள்ள நெறம் திரும்புதா, கண்ணை மூடித் தொறன்னா செய்யறாங்களா, இதுல ஒன்னு தப்பினாலும் செவப்பு, உடனே உள்ள கொண்டு போகணும். மூணும் சரியா இருந்து நடக்க மட்டும் முடியலைன்னா மஞ்சள், செவப்புக்கு அடுத்தபடி. தாடையைத் தூக்கி வழி பண்ணியும் மூச்சே இல்லைன்னா கருப்பு, அவங்களைத் தாண்டிப் போயிறணும், அது எவ்வளவு கஷ்டம்னு நின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு ஐப்பசி மழையில மில் வேன் கவுந்திருச்சு. இதுல பாருங்க, லேசா அடிபட்டவங்கதான் ஆட்டோ, கார்னு கெடச்சதுல ஏறி முதல்ல வந்து சேருவாங்க, கட்டில் பூரா ரொம்பிரும், மோசமானவங்க 108ல வர்றப்ப எடமிருக்காது. அன்னைக்கும் அதேதான். ஆள் மேல கட்டற கலர் டேக் பீரோவுக்குள்ள, சாவி வெச்சிருந்தவர் லீவு. டாக்டர் என்னைய வாசல்ல நிக்கச் சொல்லிட்டாரு, வந்தவங்க கை மேலயே மார்க்கர்ல கலரை எழுதினேன், நனைஞ்ச கையில மை ஒட்டல, தொடைச்சு தொடைச்சு எழுதினேன். ஒருத்தர் ஓபி சீட்டை மூஞ்சிக்கு நேரா ஆட்டி "நாங்கதானுங்க மொதல்ல வந்தோம், எங்க மச்சானைப் பாருங்க"ன்னு ஒரே சத்தம். மச்சானுக்கு நெத்தி கிழிஞ்சிருந்துச்சு, தலைத்தோல் கிழிஞ்சா ரத்தம் கொட்டத்தான் செய்யும், துணி வெச்சு அழுத்திப் புடிச்சா நிக்கும். அவருக்குப் பின்னால சுவத்தோரம் ஒரு புள்ளையைத் தூக்கிட்டு வந்து சாய்ச்சு வெச்சிருந்தாங்க, ரத்தமே இல்ல. "எனக்கு ஒன்னுமில்லீங்க்கா, அவங்களைப் பாருங்க"ன்னுச்சு. நகம் வெளுத்தது வெளுத்தபடியே நிக்குது, மணிக்கட்டுல நாடி கெடைக்கல, வயிறு கல்லு மாதிரி. செவப்புன்னு எழுதி உள்ள தள்ளினேன். மண்ணீரல் கிழிஞ்சு உள்ளுக்குள்ளயே ரத்தம் போயிட்டிருந்துச்சு. ஆபரேஷன் பண்ணி பொழச்சுருச்சு. சீட்டு வெச்சிருந்தவர் என்னைய சாபம் உட்டுட்டுத்தான் போனாரு.

கவர்மெண்டுக்கு சொம்பு தூக்கறேன்னு கமெண்ட்ல யாராவது வருவீங்க, வாங்க. ஆள் இருந்தும் போனை நோண்டிட்டு காக்க வெச்சா நீங்க சண்டை போடுங்க, நானும் வர்றேன். நான் சொல்றது ஒரே நேரத்துல வண்டி வண்டியா ஆள் வர்ற நாளைப் பத்தி.

 

சரி, உங்க மாமா விசயத்துக்கு வர்றேன். பச்சைன்னு உக்கார வெச்சா அதோட முடியாதுங்க, மறுபடி மறுபடி பாக்கணும், கூட்டத்துல அது விட்டுப் போகும். அதனால பக்கத்துலயே இருங்க. வாந்தி எடுத்தாலோ, தூக்கமா வருதுன்னு சொன்னாலோ, பேச்சு குழறினாலோ "இப்பத்தானுங்க இப்படி ஆச்சு"ன்னு நர்ஸ்கிட்ட போய் சொல்லுங்க, எத்தனை மணிக்கு வந்தோம்கறதை விட்டுருங்க.