நானூக்: பாதி இக்ளூவும் முழுப் பொய்யும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆவணப்படம் பற்றி எழுதும்போதெல்லாம் ‘நானூக் ஆஃப் த நார்த்’தைக் குறிப்பிடுகிறீர்களே என்று போன வாரம் தேடிப்பிடித்துப் பார்த்தேன். ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு வாசிக்கப் போனால் எல்லாமே செட்டப் என்கிறார்கள். படத்தில் வரும் வேட்டைக்காரர் பெயர் நானூக் இல்லையாம், குடும்பம் அவர் குடும்பம் இல்லையாம், இக்ளூ என்கிற அந்தப் பனிவீடுகூட பாதிதானாம். இதை ஏன் இன்னும் ஆவணப்படம் என்று திரையிடுகிறார்கள்? ஏமாந்துபோன உணர்வு.

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் வாசித்ததெல்லாம் உண்மைதான். அவர் பெயர் அல்லகரியல்லக். இனுயிட் என்கிற வடதுருவப் பகுதிப் பழங்குடி மக்களைப் பற்றி, கனடாவில், வடக்கு கியூபெக்கின் இனுக்ஜுவாக்கில் 1920-21இல் இயக்குநர் ராபர்ட் ஃப்ளஹர்ட்டி எடுத்த படம், 1922இல் வெளிவந்தது.

ஆனால் இக்ளூவை நான் குற்றமாக நினைக்கவில்லை. உள்ளே இருட்டு, கேமராவுக்கு இடமும் இல்லை. பெரிதாகக் கட்டிப் பார்த்தார்கள், கூரை இடிந்து விழுந்தது. கடைசியில் ஒரு பக்கத்தை வெட்டியெடுத்து, பகல் வெளிச்சம் உள்ளே வர, அந்தக் குளிரில் அவர்கள் தூங்குவது போலவும் எழுவது போலவும் நடித்தார்கள். அன்றைய கருவிகளை வைத்துக்கொண்டு வேறு வழியில்லை.

எனக்குக் கோபம் வருவது கிராமஃபோன் காட்சியில். வியாபாரி இசைத்தட்டை ஓடவிடுகிறார், நானூக் வியந்து சிரிக்கிறார், தட்டை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார். உலகம் தெரியாத வெள்ளந்தி மனிதராம். பிற்காலத்தில் ஒரு ஆவணப்படக் குழு இனுக்ஜுவாக்குக்கே போய் விசாரித்தபோது, அவருக்கு கிராமஃபோன் நன்றாகத் தெரியும், அது நடிப்பு என்று அந்த ஊர்க்காரர்களே சொன்னார்கள். வேட்டைக்குத் துப்பாக்கி வந்துவிட்ட காலம் அது. ஃப்ளஹர்ட்டி ஈட்டியைத்தான் காட்டினார். படத்துக்குப் பணம் போட்டதே ரெவியோன் ஃப்ரேர் என்ற, விலங்குகளின் ரோமத்தோலை வியாபாரம் செய்த நிறுவனம், அந்த ஊரே அதனோடு வியாபாரம் செய்துகொண்டிருந்தது. அவர்களுடைய நிகழ்காலத்தை அழித்துவிட்டு, என்றைக்கும் மாறாத பழங்குடி என்று ஒன்றைச் செய்து வைத்தார், அதுதான் பொய்.

இன்னொன்றையும் படம் காட்டவில்லை. இந்தப் படத்தை ஃப்ளஹர்ட்டி மட்டும் எடுக்கவில்லை. ஃபிலிமை அங்கேயே கழுவிப் பிரிண்ட் போட்டார்கள். அதற்கான தண்ணீருக்கு ஆறடிப் பனியைக் குடைந்து, பீப்பாய் பீப்பாயாக இழுத்து வந்து, உடையிலிருந்து உதிர்ந்த மான்முடி கலந்திருக்குமே என்று வடிகட்டிக் கொடுத்தவர்கள் இனுயிட் மக்கள். படப்பிடிப்புக்கு இடைஞ்சலானால் வேட்டையையே விட்டுவிட வேண்டியிருக்கும் என்று ஃப்ளஹர்ட்டி சொன்னபோது, படம்தான் முதலில் என்று அல்லகரியல்லக் ஒப்புக்கொண்டதை ஃப்ளஹர்ட்டியே எழுதியிருக்கிறார். சாப்பாடு முழுக்க வேட்டையில் கிடைக்கிற ஊரில் அது சின்ன விஷயமா? அவரை நடிகர் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இணை இயக்குநர் என்றே சொல்வேன். அவர் பட்டினியால் இறந்தார் என்று படத்தின் முன்னுரை சொல்கிறதே, அதுவும் சரியில்லை. நோயில்தான் இறந்தார், அநேகமாகக் காசநோய்.

அப்புறம், படத்துக்கு வெளியே நடந்தது. படத்தில் வரும் பெண்களில் ஒருவருக்கும் ஃப்ளஹர்ட்டிக்கும் ஒரு மகன் பிறந்தார், பெயர் ஜோசஃபி. ஃப்ளஹர்ட்டி திரும்பி வரவே இல்லை. 1953இல் கனடா அரசு இனுக்ஜுவாக் குடும்பங்கள் சிலவற்றை வடக்கே, ஆண்டில் பல மாதம் சூரியனே எழாத எல்ஸ்மியர் தீவுப் பக்கம் குடியேற்றியது. அவர்கள் பழையபடி வேட்டையாடித் தங்கள் காலில் நிற்பார்கள் என்பது அரசு சொன்ன காரணம். 1955இல் ஜோசஃபி குடும்பமும் அனுப்பப்பட்டது. அரசு மன்னிப்புக் கேட்க 2010 ஆயிற்று. படத்தால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதிகாரிகள் மனதில் இருந்த இனுயிட்டும் திரையில் நாம் பார்க்கிற இனுயிட்டும் ஒரே ஆள்தான், எஸ்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, படத்தைத் திரும்பவும் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அல்லகரியல்லக் கத்தியால் பனிக்கட்டியைச் செதுக்கி இக்ளூவுக்கு ஜன்னல் வைக்கும் காட்சி இருக்கிறதே, அந்தக் கைகளின் வேகத்தை யாரும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. திரையிடுகிறவர்கள் படத்துக்கு முன்னால் அவருடைய சொந்தப் பெயரையும் ஜோசஃபியின் கதையையும் சொல்லட்டும், அது போதும்.

அடுத்து ‘அதனார்ஜுவாட்’ பாருங்கள். இனுயிட் இயக்குநர் ஸக்கரியாஸ் குனுக் தன் மக்களை வைத்து, முழுக்க அவர்கள் மொழியிலேயே எடுத்தது, 2001இல் கான் திரைப்பட விழாவில், சிறந்த முதல் படத்துக்கான கேமரா தோர் விருது வாங்கியது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும், ஒரே மூச்சில் பாருங்கள். பார்த்துவிட்டுக் கண்டிப்பாக எழுதுங்கள்.