ஸ்டீம் வந்தும் தண்ணீர் சுடவில்லையா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் விடுதியில் 1,000 லிட்டர் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. உள்ளே ஸ்டீம் ஓடும் செம்புக் காயில் (சுருள்குழாய்). பாய்லரிலிருந்து 2 பார் அழுத்தத்தில் ஸ்டீம் வருகிறது. முன்பு ஒரு மணி நேரத்தில் சுட்டுவிடும். இப்போது இரண்டரை மணி ஆகிறது. தண்ணீர் சுட்டு முடியும் நேரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் குழாயில் சத்தம் வேறு. பாய்லர் அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகும் என்கிறார் ஃபிட்டர். கூட்டலாமா?
– ஒரு வாசகர், மூணாறு

பதில்: கூட்ட வேண்டாம். 2 பாரில் ஸ்டீமின் வெப்பம் சுமார் 133 டிகிரி. 3 பாருக்கு ஏற்றினாலும் 143தான். அந்தப் பத்து டிகிரியால் உங்கள் குறை தீராது. காயில், கேஸ்கெட் எல்லாவற்றுக்கும் சுமைதான் கூடும். பாய்லருக்குச் சான்றிதழில் எழுதிய அழுத்தமே எல்லை. கேரளத்தில் அதைப் பார்ப்பது ஃபேக்டரீஸ் அண்டு பாய்லர்ஸ் துறை.

உங்கள் தொட்டியில் ஸ்டீம் வரும் வழி சரியாகத்தான் இருக்கிறது. போகும் வழியைப் பாருங்கள். 15 டிகிரித் தண்ணீர் 1,000 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 87 கிலோ ஸ்டீம் வேண்டும். அத்தனையும் காயிலுக்குள் தண்ணீராகிவிடும். அதாவது, ஒரு மணி நேரத்தில் 87 லிட்டர் கண்டன்சேட் (ஸ்டீம் ஆறிய தண்ணீர்), ஸ்டீமை நிறுத்தித் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் ட்ராப் வழியே இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் காயிலின் அடிச்சுற்றுகள் மூழ்கிவிடும், மேல்சுற்றுகள் மட்டும் வேலை செய்யும். தேங்கிய தண்ணீரை ஸ்டீம் வேகமாகத் தள்ளி வளைவில் மோதவிடுவதுதான் அந்தச் சுத்தியல் சத்தம். விட்டுவைத்தால் குழாய் இணைப்பையே பிளந்துவிடும்.

முதலில் ட்ராப்புக்கு முன்னால் உள்ள ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி). இருபுறமும் வால்வை மூடி, கேஜ் பூஜ்யத்துக்கு வந்து குழாய் கைபொறுக்கும் அளவு ஆறியபிறகே மூடியைக் கழற்றுங்கள். வலையில் துருத்தூளும் கேஸ்கெட் துணுக்கும் சேறுபோல் அப்பியிருக்கும். கழுவிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பல இடங்களில் இதோடு வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் ட்ராப். டெம்பரேச்சர் கன் இருந்தால் பிடித்துப் பார்க்கலாம். ஆனால் பளபளக்கும் செம்பிலும் எஸ்.எஸ்.ஸிலும் அது குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் மங்கலான கறுப்புப் பெயின்ட் கொஞ்சம் தடவி அதன்மேல் அளவெடுங்கள். ஸ்டீம் திறந்திருக்கும்போது காயில் மேல்பக்கம் சுட்டு, ட்ராப் ஆறிக் கிடந்தால் அடைப்புதான். ஃப்ளோட் ட்ராப் (உள்ளே மிதக்கும் பந்து துளையைத் திறந்து மூடும் வகை) என்றால் பந்தில் ஓட்டை விழுந்திருக்கலாம். தண்ணீர் ஏறிய பந்து மிதக்காமல் அடியில் உட்கார்ந்து துளையை மூடிவிடும். பந்தை எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் அலையும் சத்தம் கேட்கும். ஒட்டவைக்க வேண்டாம், புதிது போடுங்கள்.

சத்தம் எப்போது வருகிறது என்பது முக்கியம். காலையில் ஸ்டீம் திறந்தவுடன் வந்தால், ஆறிய குழாயில் வால்வைச் சட்டென்று திறந்ததால் இருக்கலாம், அல்லது குழாய் நடுவில் தொய்ந்து தண்ணீர் பிடித்திருக்கலாம். உங்களுக்கு முடிவில் வருகிறது. தண்ணீர் 60-ஐ நெருங்கும்போது கட்டுப்பாட்டு வால்வு ஸ்டீமைக் குறைக்கிறது. காயிலுக்குள் அழுத்தம் விழுந்து வெற்றிடமே உண்டாகிறது. ட்ராப்பிலிருந்து கண்டன்சேட் குழாய் மேலே ஏறினால், ஒவ்வொரு மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 0.1 பார் தள்ளுவிசை வேண்டும். அதற்கு அங்கே வழியில்லை, தண்ணீர் தேங்குகிறது. காயில் வாயருகே வேக்குவம் பிரேக்கர் (வெற்றிடம் உண்டானால் காற்றை உள்ளே விடும் வால்வு) போட்டு, ட்ராப்பைக் காயிலின் வெளிவாய்க்குக் கீழே இறக்கி, கண்டன்சேட்டைக் காற்றுவழி உள்ள சிறு தொட்டியில் தானாக விழவிடுங்கள். மேலே ஏற்றுவது அங்கிருந்து பம்ப்பின் வேலை.

கையோடு காயிலில் ஓட்டை உண்டா என்றும் பாருங்கள். ஸ்டீமை மூடி, ஆறவைத்து, தொட்டியில் தண்ணீர் அழுத்தம் இருக்க, ட்ராப் பக்கத்து வடிகாலைத் திறந்து வையுங்கள். தேங்கியிருந்தது வடிந்தபின்னும் சொட்டு நிற்காவிட்டால் காயில் பொத்தல். அப்படியானால் ஸ்டீம் ஓடும்போது பாய்லர் மருந்து குளிக்கும் தண்ணீரில் கலக்கும். சரிசெய்யும்வரை தொட்டியைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது போர்த் தண்ணீர், உப்பு அதிகம். இதேபோன்ற தொட்டியின் காயில்மேல் வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது. கம்பியால் சுரண்டலாமா?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: சுரண்டினால் செம்பு கீறிவிடும், அந்தக் கீறலில்தான் அரிப்பு தொடங்கும். காயிலைக் கழற்றி 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் ஊறவையுங்கள். தண்ணீர் பிடித்தபின் 10 கிலோ சல்ஃபாமிக் ஆசிடைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். 5 சதவீதக் கரைசல் கிடைக்கும். நுரைத்துக்கொண்டே இருக்கும். நுரை அடங்கியும் படிவு இருந்தால் ஆசிட் தீர்ந்துவிட்டது என்று பொருள், புதிதாகக் கலக்குங்கள். படிவு போனதும் நேரம் கடத்தாமல் எடுத்துக் கழுவி, 2 கிலோ சோடா ஆஷ் கரைத்த 200 லிட்டரில் முக்கி, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். பிளீச்சிங் பவுடர் பக்கத்தில்கூட வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஜி.ஐ. பாகம் எதையும் இந்த ஆசிடில் போடாதீர்கள். துத்தநாகப் பூச்சு கரைந்துவிடும்.

திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கெட் வேண்டாம். போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள்.

படிவு குறையட்டும் என்று சூட்டை 45-க்கு இறக்கிவைப்பவர்கள் உண்டு. அது ஆபத்து. வெதுவெதுப்பில் தேங்கும் தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். தொட்டியில் 60 டிகிரியே இருக்கட்டும். ஆனால் 60 டிகிரி சில நொடிகளில் தோலைப் பொசுக்கும், அதனால் குளியலறைக்குப் போகும் குழாயில், குளிர்நீர் கலந்து சூட்டைக் குறைக்கும் மிக்ஸிங் வால்வு போடுங்கள். உப்புக்கு மருந்து, உள்வரும் தண்ணீரில் சாஃப்ட்னர் (படியும் உப்பை நீக்கும் கருவி) வைப்பதுதான்.

கேள்வி: தொட்டி சூடாகும்போதெல்லாம் சேஃப்டி வால்வு சொட்டுகிறது. வாயில் பிளக் அடித்துவிடலாமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: கூடவே கூடாது. தொட்டி வெடிக்காமல் காப்பது அந்த ஒரு வாய்தான். 15-லிருந்து 60-க்குச் சுடும்போது தண்ணீர் சுமார் 1.6 சதவீதம் விரிகிறது. 1,000 லிட்டருக்கு 16 லிட்டர். உள்வரும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரைத் திரும்பவிடாத வால்வு) இருந்தால் அந்த 16 லிட்டருக்குப் போக்கிடம் இல்லை, சேஃப்டி வால்வைத் தள்ளிக்கொண்டு வரும். விரியும் தண்ணீருக்கு இடம் தரும், உள்ளே ரப்பரும் காற்றும் உள்ள எக்ஸ்பான்ஷன் டேங்க் இல்லையென்றால் போடுங்கள். இருந்தால், தண்ணீர்ப் பக்கத்தை மூடி வடித்துவிட்டு, டயருக்குப் பிடிக்கும் கேஜால் காற்றழுத்தம் பாருங்கள். காற்று வாயிலிருந்து தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது. தொட்டி ஆறியிருக்கும்போதும் சொட்டினால் வால்வு சீட்டில் தூசி சிக்கியிருக்கும். வெளிக்குழாய்க்கு எதிரே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு லீவரை ஒருமுறை தூக்கி விடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் அதே அழுத்த அளவில் புது வால்வு வாங்கி மாட்டுங்கள்.