சார்லஸ்–டயானா திருமண நினைவுத் தட்டுக்கு என்ன விலை கிடைக்கும்? இணையத்தில் எப்படி விற்பது?

நினைவுத் தட்டு என்பது ஒரு நிகழ்வை ஒட்டி, சாப்பிட அல்லாமல் அழகுக்கு வைக்கச் செய்த பீங்கான் தட்டு. 1981 ஜூலை 29-இல் நடந்த சார்லஸ்–டயானா திருமணத்துக்கு பிரிட்டனில் பல நிறுவனங்கள் இவற்றைச் செய்து குவித்தன.

முதலில் தட்டைத் திருப்புங்கள். யார் செய்தது என்பது முகத்தில் இல்லை, முதுகில் இருக்கிறது: வெட்ஜ்வுட், ராயல் டோல்டன், ஸ்போட் போன்ற முத்திரை, சிலவற்றில் வரிசை எண். அப்புறம் விளிம்பை நகத்தால் லேசாகச் சுண்டுங்கள். கணீரென்றால் நல்லது. மொத்தென்று கேட்டால் மயிரிழை விரிசல் இருக்கலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தங்க விளிம்பு தேய்ந்திருந்தாலும் விலை இறங்கும்.

பெரும்பாலானவை மலிவாகத்தான் போகின்றன. காரணம் எளிது: வாங்கிய எல்லோருமே பத்திரப்படுத்தினார்கள், உடைந்தவை குறைவு. கல்யாணத்தில் மணமக்கள் பெயர் பொறித்துக் கொடுக்கும் எவர்சில்வர் கிண்ணம் மாதிரி. எல்லார் வீட்டிலும் இருப்பதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்?

ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் மற்றவர்கள் கேட்கும் விலையை நம்பாதீர்கள், அது வெறும் ஆசை. 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டினால் தெரிவதுதான் நிஜ விலை. முன்பக்கம், முத்திரை, குறை மூன்றையும் படமெடுத்துப் போடுங்கள். பெட்டிக்குள் பெட்டியாக, தட்டை விளிம்பில் நிற்கும்படி வைத்துக் கட்டுங்கள். தபால் செலவு சில சமயம் தட்டின் விலையையே தாண்டிவிடும்.

'வரையறுக்கப்பட்ட பதிப்பு', அதாவது இத்தனை தட்டுகள்தான் செய்வோம் என்ற சான்றிதழ் இருந்தாலே அரிது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரையறை பல ஆயிரமாகவும் இருக்கலாம்.