கூடை என்னுடையது, பணம் அண்ணனுடையது: வாசகர் கேள்வி – பதில்

கே: ஆன்லைன் கடை ஒன்றில் ஏழு பொருள்களை கார்ட்டில் போட்டேன். பணம் கட்டப்போவது வேறு ஊரில் இருக்கும் என் அண்ணன். கார்ட் பக்கத்தின் லிங்க்கை காப்பி செய்து அவருக்கு அனுப்பினேன். அவர் திறந்தால், 'உங்கள் கார்ட் காலி' என்கிறதாம். எனக்கோ ஏழும் அப்படியே தெரிகின்றன. எங்கே தவறு?

ப: அந்த லிங்க்கில் உங்கள் கார்ட் இல்லவே இல்லை. கடைக்குள் நுழைந்ததும் கடையின் சர்வர் உங்கள் பிரவுசரிடம் 'குக்கி' என்ற துண்டுச்சீட்டைக் கொடுத்து வைக்கிறது. பெரும்பாலும் அதில் ஒரு நீளமான எண் மட்டும்தான் இருக்கும். பொருள் பட்டியல் சர்வரில் அந்த எண்ணுக்கு நேராகப் பதிவாகியிருக்கும். கார்ட் பக்கத்தின் முகவரி எல்லோருக்கும் ஒன்றே. யார் எந்தச் சீட்டோடு வருகிறாரோ, அவருடைய கார்ட்டைக் கடை காட்டுகிறது. பை வைக்கும் கவுன்ட்டருக்கு அண்ணனுக்கு வழி சொன்னீர்கள். டோக்கன் உங்களிடமே இருக்கிறது.

சந்தேகம் என்றால் உங்கள் போனிலேயே, பழைய குக்கிகளைக் காட்டாத இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே லிங்க்கைத் திறந்து பாருங்கள். உங்களுக்கும் காலியாகத்தான் தெரியும்.

கே: சரி, பணத்தை மட்டும் அவர் கட்டுவதற்கு என்ன வழி?

ப: அண்ணனிடம் போக வேண்டியது பொருள் பட்டியலா, ஆர்டரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பட்டியல் போதும் என்றால், கடையில் 'ஷேர் கார்ட்' பட்டனோ விஷ்லிஸ்ட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். அதில் அவருக்குப் போவது ஒரு நகல். அதைத் தன் கார்ட்டில் போட்டு, தன் பெயரில் ஆர்டர் செய்வார். இதில் வழக்கமாக நடக்கும் கூத்து, பார்சல் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்பது. அவர் கணக்கில் பதிந்த முகவரியைத்தான் கடை தானாக எடுத்துக்கொள்ளும். டெலிவரி முகவரியும் டெலிவரிக்காரர் அழைக்க வேண்டிய போன் எண்ணும் உங்களுடையவை. பில்லிங் முகவரி மட்டும் அவருடையது, அதுவும் கார்டு கொடுத்த வங்கியில் பதிந்துள்ளபடியே. சில நாடுகளில் அந்த முகவரியின் எண்களையும் அஞ்சல் குறியீட்டையும் வங்கிப் பதிவோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் கார்டு சரியாக இருந்தும் கட்டணம் நிராகரிக்கப்படலாம்.

எங்கள் ஓட்டு இரண்டாவது வழிக்கு: ஆர்டர் உங்களுடையது, அவருக்குப் போவது கட்டண லிங்க் மட்டும். சிறிய கடைகள் பலவும் வூகாமர்ஸ், ஷாப்பிஃபை என்ற ஆன்லைன் கடை மென்பொருள்களில் ஏதாவது ஒன்றில் ஓடுகின்றன. இரண்டிலும் இதற்கு வசதி உண்டு. வூகாமர்ஸில் கடைக்காரரே ஆர்டரைப் போட்டு 'பெண்டிங் பேமென்ட்' நிலையில் சேமித்தால், அந்த ஆர்டருக்கென்று ஒரு கட்டணப் பக்கம் உருவாகும். ஷாப்பிஃபையில் 'டிராஃப்ட் ஆர்டர்' போட்டு இன்வாய்ஸை மெயிலில் அனுப்பலாம். வூகாமர்ஸில் ஒரு சிக்கல்: ஆர்டர் உங்கள் கணக்கோடு இணைந்திருந்தால், கட்டணப் பக்கம் உங்கள் லாக்-இன்னைக் கேட்கும், அண்ணன் விழிப்பார். பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள். ஆர்டரை எந்தக் கணக்கோடும் இணைக்காமல், 'கெஸ்ட்' பெயரில் போடச் சொல்லுங்கள். புதிய பதிப்புகள் ஆர்டரில் உள்ள மெயில் முகவரியைச் சரிபார்ப்புக்குக் கேட்கலாம். அதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

நேரமும் முக்கியம். கார்ட்டில் போட்டுவிட்டால் பொருள் உங்களுக்கென்று ஒதுங்கிவிடாது. பெரும்பாலான கடைகளில் முதலில் பணம் கட்டியவருக்கே பொருள். ஸ்டாக் கணக்கு வைத்திருக்கும் வூகாமர்ஸ் கடையில், நீங்களே செக்அவுட் வரை போய்ப் பணம் கட்டாமல் விட்ட ஆர்டர், அமைப்பை மாற்றாதவரை 60 நிமிடத்தில் தானாக ரத்தாகும். ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவையின் செக்அவுட் பக்கம், கடை வேறு கெடு வைக்காவிட்டால் 24 மணி நேரத்தில் காலாவதி. அண்ணன் கார்டும் கையுமாக உட்காரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

கே: இவ்வளவு சுற்று எதற்கு? கார்டு நம்பரை மெசேஜில் வாங்கி, ஓடிபி வந்ததும் கேட்டு, நானே கட்டிவிடலாமே?

ப: கட்டிவிடலாம், வம்பு பிறகுதான். அந்த மெசேஜ் இரண்டு போன்களிலும் அவற்றின் பேக்அப்பிலும் தங்கிவிடும். நாளைக்கு அந்தக் கார்டில் வேறு ஏதாவது திருட்டு நடந்தால், ஓடிபியைப் பிறருக்குச் சொல்லும் பழக்கம் உள்ளவர் வங்கியிடம் வாதாடுவது கடினம். கார்டின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணை, கட்டணம் அங்கீகரிக்கப்பட்ட பின் கடைகளே சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதி. அதை நீங்கள் மெசேஜில் வைத்திருப்பானேன்? வேறு வழியே இல்லை என்றால், அதே கடையின் கிஃப்ட் கார்டை அவர் வாங்கி உங்களுக்கு அனுப்பட்டும்.

கே: கடைக்காரர் கொடுத்த லிங்க்கை அக்காவுக்கு அனுப்பினேன். நான் கேட்டது இரண்டு குளியல் துண்டு; அவருக்கு நான்கு காட்டியது. போதாக்குறைக்கு ஒரு குடை வேறு!

ப: குடை அக்காவுடையது. எப்போதோ கார்ட்டில் போட்டு மறந்திருப்பார். லாக்-இன் செய்ததும் பழைய கார்ட்டையும் புதியதையும் பல கடைகள் ஒன்றாகக் கொட்டிவிடும்.

நான்கின் கதை வேறு. வூகாமர்ஸின் 'ஆட் டு கார்ட்' வகை லிங்க் ஒரு பட்டியல் அல்ல, 'இன்ன எண்ணுள்ள பொருளில் இரண்டைச் சேர்' என்ற கட்டளை. பக்கம் வர நேரமானது என்று ரீஃப்ரெஷ் செய்திருப்பார். கட்டளை மறுபடி ஓடியிருக்கும். ஷாப்பிஃபையின் கார்ட் லிங்க், பொருளின் எண், முக்காற்புள்ளி, எண்ணிக்கை என்ற வடிவில் இருக்கும். நேராக செக்அவுட்டுக்குப் போகும். அங்கே எழுத வேண்டியது அளவும் நிறமும் சேர்ந்த 'வேரியன்ட்' எண். பொதுவான பொருள் எண்ணைப் போட்டால் வேலை செய்யாது.

அக்கா இன்காக்னிட்டோவில், லாக்-இன் செய்யாமல், ஒரே ஒரு முறை திறக்கட்டும். லிங்க் அனுப்பும் மெசேஜிலேயே 'மொத்தம் இத்தனை பொருள், இவ்வளவு தொகை' என்று எழுதிவிடுங்கள். டெலிவரி கட்டணம் முகவரியைப் பொறுத்தது, கூப்பன் உங்கள் கணக்குக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். அதனால் தொகை சற்று மாறும். பொருள் எண்ணிக்கை மாறக் கூடாது.

கே: பொருளைத் திருப்பி அனுப்பினால் பணம் யாருக்கு வரும்?

ப: பொதுவாக வந்த வழியே போகும், அதாவது கட்டியவர் கார்டுக்கு. ஆனால் ரிட்டர்ன் கேட்க வேண்டியவர், ஆர்டர் யார் கணக்கில் இருக்கிறதோ அவர். கிஃப்ட் கார்டில் கட்டியிருந்தால் பெரும்பாலும் கடையின் கணக்கிலேயே வரவாகும். அண்ணன் கைக்குத் திரும்பாது.

கே: ஒரு சிறிய கடையின் இணையதளத்தைப் பராமரிக்கிறேன். 'ஷேர் கார்ட்' பட்டன் வேண்டும் என்கிறார் முதலாளி. லிங்க்கில் எதை வைப்பது?

ப: விலையை வைக்காதீர்கள். லிங்க்கைத் திருத்தி விலையைக் குறைக்க ஒரு நிமிடம் போதும். பொருள் எண்ணும் எண்ணிக்கையும் சர்வரில் இருக்கட்டும். லிங்க்கில் 128 பிட் அளவுக்கு யூகிக்க முடியாத ஓர் எண் மட்டும் போகட்டும். ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் கொடுத்தால் அடுத்தவர் கூடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். வாடிக்கையாளரின் குக்கி எண்ணையே லிங்க்கில் போடுவதைப் போன்ற தவறு வேறில்லை. லிங்க் கிடைத்தவர் அந்த வாடிக்கையாளராகவே உள்ளே வந்துவிடுவார்.

பகிரும் கணத்தில் கார்ட்டின் நகலை எடுத்து வையுங்கள். நேரடி கார்ட்டைக் காட்டினால், அங்கே ஒருவர் கார்டு எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போது இங்கே ஒருவர் இன்னொரு பொருளைச் சேர்ப்பார். லிங்க்கைத் திறந்தவுடன் எதையும் செய்துவிடாமல், பட்டியலைக் காட்டி 'ஏற்கிறேன்' பட்டனை வையுங்கள். மெசேஜ் ஆப்கள் முன்னோட்டப் படத்துக்காகத் தாங்களே லிங்க்கைத் திறந்து பார்க்கும். ஒருமுறை மட்டும் திறக்கும் லிங்க் என்றால், பெறுபவர் தொடுவதற்கு முன்பே செத்திருக்கும்.

பணம் வந்த பிறகு அதே லிங்க் 'கட்டியாயிற்று' என்று மட்டும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால், குடும்பக் குழுவில் கிடக்கும் அதை மூன்று நாள் கழித்து யாராவது திறந்து, பாக்கி என்று நினைத்து இன்னொரு முறை கட்டிவைப்பார்கள்.