முதுகுவலிக்கு எதை வாங்கலாம்?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். லேப்டாப், பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் வசதி. ஆறு மாதமாக இடுப்புக்கு மேலே பிடித்து இழுக்கிறது. "கூனிக்கூனி உட்கார்ந்தா வலிக்காம என்ன செய்யும்?" என்கிறார் அம்மா. ஆன்லைனில் 1,299 ரூபாய்க்கு முதுகை நிமிர்த்தும் பெல்ட் வாங்கினேன், பலனில்லை. இப்போது 16,000 ரூபாய்க்கு, உடம்புக்கு ஏற்றபடி அமைத்தது என்று விற்கும் ஒரு எர்கோனாமிக் நாற்காலி பார்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரரோ முதுகுக்கு நல்லதென்று 'ஆர்த்தோ' மெத்தையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்?
— வாசகர், சேலம்

பதில்: அம்மா சொல்வதில் பாதி சரி. 1960களில் ஸ்வீடன் மருத்துவர் நாகெம்சன் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுக்குள் (டிஸ்க்) ஊசி செலுத்தியே அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அதிகம், முன்னால் குனிந்தால் இன்னும் அதிகம் என்று வந்தது. நிமிர்ந்து உட்கார் என்ற உபதேசத்துக்கு அது பெரிய பலமாகிவிட்டது. 1999ல் ஜெர்மனியில் வில்கே குழு மறுபடி அளந்தது. நாற்காலி முதுகில் சாய்ந்து, சற்றுச் சரிந்து உட்கார்ந்தபோது அழுத்தம் நிற்கும்போது இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. அளந்தது ஒரே ஒரு ஆளிடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கூன் போட்டாலே முதுகு கெட்டது என்ற பயத்தை அது கொஞ்சம் தணித்தது.

உங்கள் பட்டறையிலேயே பாருங்கள். பற்றவைப்பு வேலைக்காரர்கள் நாள் முழுக்கக் குனிந்த வாக்கில்தான் இருக்கிறார்கள். எல்லோருக்குமா வலிக்கிறது? எப்படி உட்காருகிறீர்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் அசையாமல் உட்காருகிறீர்கள் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். ஒன்பதரையிலிருந்து சாப்பாடு வரை ஒரே இருப்பு என்றால் எந்த நாற்காலியும் தோற்றுவிடும். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து தண்ணீர் குடியுங்கள், போனை நின்றுகொண்டு பேசுங்கள். சாயங்காலம் இருபது நிமிடம் நடங்கள். இதற்குச் செலவே கிடையாது. அதனால்தானோ என்னவோ யாரும் விளம்பரம் செய்வதில்லை.

அடுத்து லேப்டாப். திரையும் விசைப்பலகையும் ஒட்டிக்கொண்டிருப்பதால் கழுத்து தாழ்ந்தே ஆக வேண்டும். நாலு பழைய லெட்ஜர்களை அடுக்கி அதன் மேல் லேப்டாப்பை வையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து ஆயிரத்துக்குள்ளேயே கிடைக்கும். உங்கள் பட்டியலில் முதல் செலவு இதுதான்.

நாற்காலி அதற்கப்புறம். 'எர்கோனாமிக்' என்ற பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். எதையெல்லாம் ஏற்றி இறக்க முடிகிறது என்பதற்குக் கொடுங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். பின்னால் ஒட்டி உட்கார்ந்தால் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி மேசையில் இடிக்கக் கூடாது. கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் எல்லா நாற்காலியும் சுகம்தான். கால் மணி நேரமாவது உட்காருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. 16,000 கையைக் கடித்தால், இருக்கிற நாற்காலியிலேயே இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் பாருங்கள்.

மெத்தை இப்போதைக்கு வேண்டாம். வலி வருவது பகலில் உட்கார்ந்து என்கிறீர்கள். எழுந்ததும் விறைப்பாக இருந்து, வெளியூரில் வேறு படுக்கையில் படுத்தால் குறைகிறது என்றால் மட்டும் மெத்தையைச் சந்தேகப்படலாம். 'ஆர்த்தோ' என்று உறையில் போட்டிருப்பதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கட்டாந்தரை போலக் கெட்டியாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்பதும் முழு உண்மையல்ல. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் நடந்த ஆய்வு 2003ல் வெளியானது. அதில் ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது.

பெல்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். நாள்பட்ட இடுப்புவலிக்கு இடுப்புப் பட்டைகளை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொன்னது. உங்களுடையது தோளை இழுக்கும் வகையானாலும், அதிலிருந்து நான் பெரிதாக எதிர்பார்க்க மாட்டேன்.

ஆறு மாதம் என்பதால் ஒரு தரம் டாக்டரைப் பார்ப்பது அவசியம். நம் ஊர் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை இருக்கிறது. உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். காலில் பலம் குறைவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே ஓடுங்கள். காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்துகொண்டாலும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். ஒன்றரை வருடத்துக்கு முன் சேலத்தில் பத்து வருட வாரண்டியோடு மெத்தை வாங்கினோம். இப்போது நடுவில் குழி விழுந்து எனக்கும் கணவருக்கும் இடுப்பு பிடிக்கிறது. "நீங்க படுத்துப் படுத்துத்தான் பள்ளமாச்சு" என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது?
— வாசகி, ஏற்காடு

பதில்: மெத்தையில் படுக்காமல் வேறு என்ன செய்வதாம்! வாரண்டி அட்டையை எடுத்து, எத்தனை அங்குலப் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்று பாருங்கள். பல அட்டைகளில் அந்த அளவு இருக்கும். அப்புறம் மெத்தையின் குறுக்கே ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டி, குழிக்குள் ஸ்கேலை நிறுத்திப் படம் எடுங்கள். கட்டில் பலகை வளைந்திருக்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துவிடுங்கள், கடைக்காரர் அதைத்தான் அடுத்துக் கேட்பார். கறை பட்டிருந்தால் அதைச் சாக்காக வைத்து வாரண்டியைத் தட்டிக்கழிப்பதும் உண்டு.

படத்தோடு கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். குழி என்றைக்குக் கண்ணில் பட்டது என்று தேதியோடு இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பில்லையும் தேடி எடுத்து ஒரு நகல் போட்டுவிடுங்கள்.