எட்டு மாதமாகச் சரளி வரிசை

அன்புள்ள அம்மா,

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். 38 வயதில் வீணை கற்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. ஆசிரியை இன்னும் சரளி, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சிகளைத் தாண்டவில்லை. நவராத்திரிக்குள் ஒரு கீர்த்தனையாவது வாசித்துவிட வேண்டும் என்று இருந்தேன். இப்போது வீணையை எடுத்தாலே மனம் எங்கெங்கோ போகிறது. யூடியூபைப் பார்த்து நேராகக் கீர்த்தனைக்குப் போய்விடலாமா? எனக்கு இல்லாதது பொறுமையா, திறமையா? தினமும் எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

திறமையைப் பற்றி எட்டு மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதை விட்டுவிடுங்கள். விரலை வீணையின் மெட்டில், அதாவது தந்திக்கு அடியில் இருக்கும் குறுக்குக் கம்பியில், வைத்துவிட்டு மனதை நவராத்திரியில் வைத்திருக்கிறீர்கள். கை செய்யும் காரியத்தில் மனதுக்கும் ஒரு வேலை இருந்தால்தான் அது அங்கே தங்கும்.

அந்த வேலை சரளி வரிசையிலேயே நிறைய இருக்கிறது. அதன் ராகமான மாயாமாளவகௌளையில் ஸா விரல் வைக்காத வெறும் தந்தி, ரி முதல் மெட்டு. கா நான்காவது மெட்டில், மா அதை ஒட்டி ஐந்தாவதில். ரியிலிருந்து காவுக்கு விரல் தாவ வேண்டும். அவசரப்பட்டால் மெட்டில் சரியாக உட்காராது, நாதம் மங்கிவிடும். மேல் பாதியிலும் அதே இடைவெளிகள்தான்: பா, தா, நி, மேல் ஸா முறையே 7, 8, 11, 12-ஆம் மெட்டுகளில். ஆனால் மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கி வரும். கீழே பழகிய தாவலை அங்கே கை சுருக்கிக்கொள்ள வேண்டும். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் பாடமுறை இது. முதல் பாடத்துக்கு இந்த ராகத்தை வைத்தவரின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

நாளைக்கு முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஆதி தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமாக, காவை மட்டும் கேட்டுக்கொண்டு வாசித்துப் பாருங்கள். அடுத்த மீட்டு வரை அதன் நாதம் நிற்கிறதா? வேகமான மூன்றாம் காலத்தில் ஒரு ஸ்வரம் மங்கினாலும் தெரியாமல் போய்விடும். முதல் காலத்தில் தப்பிக்கவே முடியாது. நான் வீணை கற்றபோது காதுதான் முதலில் தேறியது, கை அப்புறம்தான் வந்தது. அதற்கப்புறம் நான் கச்சேரி கேட்கும் விதமே மாறிவிட்டது. எழுதியதைப் படிக்கும்போதும் எங்கே தட்டுகிறது என்று பிடிபட ஆரம்பித்தது.

யூடியூபில் மெட்டுகளின் இடம் பார்த்து ஒரு கீர்த்தனையை ஒப்பேற்றிவிடலாம். சரி, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு என்ன செய்வீர்கள்? ஒரே மெட்டில் தந்தியை இழுத்து மேல் ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதற்கு மெட்டில் அடையாளம் கிடையாது. காது சொல்ல வேண்டும். இந்த எட்டு மாதமும் உங்கள் ஆசிரியை அந்தக் காதைத்தான் தயார்ப்படுத்துகிறார் என்று நினைக்கிறேன்.

நவராத்திரிக்குக் கொலு முன்னால் சரளி வரிசையையே மூன்று காலத்திலும் வாசியுங்கள். சுருதி சேர்ந்து, நிதானமாக வாசித்தால் அது கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். கீர்த்தனைக்கு முன்னால் அலங்காரம், கீதம், வர்ணம் என்று பாடங்கள் இருக்கின்றன. அதற்கெல்லாம் தேதி குறிக்காதீர்கள்.

நேரம் கேட்டிருந்தீர்கள். வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி போதும், செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். இடது கை விரல் நுனியில் தந்தி பதிந்து வலி எடுத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அலங்காரம் எப்போது என்பதை ஆசிரியையிடமே கேளுங்கள். எது சரியானால் அடுத்த பாடம் தருவார் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.